கை படாத கரை

சாம்பசிவனுக்கு மெர்வின் மேல் வயிற்றெரிச்சல். பொறாமை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனால் அது சுத்தமான பொறாமைதான். சேலையூர் கேம்ப் ரோடு நெரிசலில், பார்த்தவர்கள் எல்லாம் சிரிக்க, கார் கூரையில் கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகைக் கட்டிக்கொண்டு முதன்முதலில் கடலுக்குப் போனவர் அவர். ஐம்பதை நெருங்கும் வங்கி மேலாளர். அவருக்கு வெகு காலம் கழித்துத் துடுப்பைத் தொட்டவன் மெர்வின். அந்தப் பொடியன் போன மாதம் நீலாங்கரையில் இறங்கி, கோவளத்தையும் தாண்டி, ஒரு மீனவர் குப்பத்தில் தன்னந்தனியாகக் கரையேறிவிட்டான். அன்றிலிருந்து கயாக் குழுவின் வாட்ஸ்அப்பில் மெர்வின் புராணம்தான். அவன் எழுதிப்போட்ட நீண்ட பயணக் கதையை எல்லோரும் புகழ்ந்தார்கள். சாம்பசிவன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். மனைவி திரிபுரசுந்தரியும் படித்துவிட்டு, "அந்தப் பையன் பெரிய ஆளுதாங்க" என்றாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதே கடல், அதே தூரம், மெர்வினைவிடச் சீக்கிரமாக. குழுவில் ஒரு சட்டம் உண்டு. கடலில் இறங்கியது முதல் கரையேறும் வரை படகின்மேல் வேறு யார் கையும் படக்கூடாது, பட்டால் அது தனிப்பயணம் இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்தவரே சாம்பசிவன்தான்.

விடியும்போது இறங்கினார். நீலாங்கரை அலையே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தது. விடாமல் ஏறி, அலை உடையும் இடத்தைத் தாண்டினார். பனையூர், கானாத்தூர், முட்டுக்காடு எல்லாம் வலது பக்கம் மெல்ல நகர்ந்தன. இளைப்பாற எங்கும் ஒதுங்க முடியாது. ஒதுங்கினால் அந்த அலைக்குள் போய்த் திரும்ப வேண்டும். மதியம் எதிர்க்காற்று கிளம்பியது, தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஒவ்வொரு துடுப்புக்கும் மனதுக்குள் மெர்வினைத் திட்டினார். திட்டத் திட்ட வேகம் கூடியது. கோவளம் தாண்டும்போது மெர்வினைவிட வெகுவாக முந்தியிருந்தார்.

குப்பத்துக்கு நேரே நின்று, அலைகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து உள்ளே விட்டார். பின்னாலிருந்து வந்த அலை கயாக்கைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பியது. சமாளித்துவிட்டார், சமாளித்தே விட்டார். அப்போதுதான் இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேர் ஓடி வருவதைப் பார்த்தார்.

"தொடாதீங்க, யாரும் தொடாதீங்க" என்று கத்தினார்.

அது காதில் விழுந்தும் அவர்கள் நிற்கவில்லை. அலையில் ஒரு படகு வந்தால் கரையிலிருப்பவன் கையிலிருக்கும் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடிப்பான், சண்டைக்காரன் படகானாலும் சரி. அந்தக் குப்பத்தின் பழக்கம் அது. கயாக்கை அவரோடு சேர்த்து மணலில் தூக்கி வைத்தார்கள்.

"இன்னா சார் நீங்க, அலைல வர்ற போட்ட சும்மா பாத்துகினு நிக்கச் சொல்றீங்க?" என்றார் முன்னால் நின்ற ரங்கன்.

சாம்பசிவனுக்கு அழுகை வந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது, அது இனித்தது. "போன மாசம் மஞ்சள் படகுல ஒரு பையன் வந்தானே, அவனையும் இழுத்தீங்களா?"

"பின்ன? அவரையும்தான் தூக்கினு வந்தோம்."

வலியெல்லாம் பறந்தது. தண்ணீர் புகாத உறையிலிருந்து ஃபோனை எடுத்து, மெர்வினின் வண்டவாளத்தைத் தட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்த அங்காளம்மாள் நிமிர்ந்தாள்.

"அந்தப் புள்ள ஒரு வாய் தண்ணிகூட குடிக்கல. போட்ட திருப்பினு மறுபடியும் கடலுக்குள்ள போயிட்ச்சு. யாரும் புடிக்காதீங்கன்னு கெஞ்சிச்சு. பாத்தா எங்க ஆளுங்க கை சும்மா இருக்காதுல்ல, அதான் எல்லாரும் முதுகக் காட்டினு திரும்பி நின்னோம். ரெண்டு வாட்டி கவுந்து, தனியாத்தான் வந்து ஏறுச்சு."

சாம்பசிவன் தட்டியதை அழித்தார். பிறகு, "முடிந்தது. தனியாகக் கரையேறினேன்" என்று அனுப்பிவிட்டார்.

வாழ்த்துகள் குவிந்தன. முதல் ஆளாக மெர்வின்: "சூப்பர் சார். ஆனா அந்தக் குப்பத்துல உங்கள எப்படி சார் விட்டாங்க? என்னை இழுத்துப் போட்டு, நான் ரெண்டாவது தரம் போய் வந்ததத்தான் எழுதியிருந்தேனே. உங்க டெக்னிக் என்ன சார், எல்லாருக்கும் சொல்லுங்க."

எல்லோரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். சாம்பசிவன் எழுந்தார். கயாக்கை இழுத்துத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பினார்.

"திரும்பி நில்லுங்க. எனக்கும் அதே மாதிரி திரும்பி நில்லுங்க."

ரங்கன் அவருடைய கைகளைப் பார்த்தார். துடுப்பைப் பிடிக்க முடியாமல் அவை உதறிக்கொண்டிருந்தன.

"அவருக்கு நின்னோம் சார். உங்களுக்கு நிக்க மாட்டோம்."