பின்பக்கத்துச் சுற்று

கயிறு கட்ட இன்னொருவர் தனக்குச் சொல்லித்தருவதா என்பது லாரிக்காரரின் நினைப்பு. காலமெல்லாம் பாரம் கட்டிய கை ஆயிற்றே. மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலக்கையில் மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்ததும், "நீ சும்மா இரு, நான் முடிச்சுத் தரேன்" என்று அவள் மடியிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

ஜப்பான் பாணிக் கயிற்று வேலை கற்றபின் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் தொங்கப்போகும் தடுப்பு; ஒரு மூங்கில் கழியில் வரிசையாகக் கயிறுகளை முடிந்து தொங்கவிட வேண்டும். மறுநாள் காலையில் மாட்டியாக வேண்டும். தன் கையால் செய்தது அங்கே தொங்க வேண்டுமென்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

"கயிறை ரெண்டா மடிங்க. மடக்கை மூங்கிலுக்குப் பின்னால கொண்டுபோய், ரெண்டு நுனியையும் அதுக்குள்ள விட்டு மெதுவா இழுங்க. இழை ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது."

"இதெல்லாம் ஒரு முடிச்சா?" என்று சிரித்தார்.

அவள் டீ போடப் போனாள். இவர் மூங்கிலைக் காலால் மிதித்துக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தார். அதுவும் போதவில்லை. பாரம் கட்டுகிறவன் எந்த முடிச்சையும் நம்பி விட்டுவிட மாட்டான். கூட ஒரு சுற்று போட்டால்தான் அவனுக்கு மனசு ஆறும். ஒவ்வொரு முடிச்சுக்கும் பின்பக்கத்தில் ஒரு சுற்று போட்டு இறுக்கினார். முன்னாலிருந்து பார்த்தால் வரிசை அம்சமாகத்தான் இருந்தது.

டீயோடு வந்தவள் மூங்கிலைத் திருப்பினாள். "பின்னாடி என்னங்க இது, கட்டி கட்டியா?"

"பின்னாடி யாரு பாக்கப்போறா?"

"ரூமுக்கு நடுவுல தொங்கப்போகுதுங்க. பாதிப் பேரு அந்தப் பக்கம்தான் உக்காருவாங்க."

லாரிக்காரருக்கு முகம் செத்துவிட்டது. இறுகிப்போன முடிச்சுகளை ஆணியால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். "டாக்டர்கிட்ட நாலு நாள் தள்ளிப்போடச் சொல்லவா?" என்றார்.

அவள் இடக்கையால் ஒரு கயிற்றை எடுத்தாள். மடக்கை மூங்கிலின் மேலாகப் பின்னால் போட்டாள், விரலை உள்ளே விட்டு நுனிகளைக் கவ்வி இழுத்தாள். முடிச்சு தட்டையாகப் படுத்தது. அடுத்ததைப் போடும்போது மூங்கில் உருண்டது.

"ஒத்தக் கையாலயே வருதே! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எங்க கேட்டீங்க? வந்ததும் பிடுங்கிட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. உதவி செய்வதாக நினைத்து, அவள் ஆசைப்பட்ட ஒன்றையே பறித்துக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

"சரி, நான் என்ன செய்யணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் அவர் இப்படிக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

"ஆடாம பிடிங்க, போதும்."

பிடித்தார். பாதி வேலை முடிவதற்குள் தோள் கடுத்தது. பிடியை விடவில்லை.

"கொஞ்சம் மேல."

தூக்கிப் பிடித்தார்.