எல்விரா போட்ட கையெழுத்து

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. புவெனஸ் ஐரெஸில் என்னோடு தையற்கூடத்தில் வேலை செய்யும் மிர்த்தா, அறை தேடி அலைந்த மூன்று வாரங்களில், மத்தியானச் சாப்பாட்டின்போது துண்டு துண்டாகச் சொன்னது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏழாவது அறையிலும் ஜன்னல் இல்லை. மிர்த்தா பெருமூச்சு...’

அடித்துவிட்டேன். ஜன்னலைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: நகரத்துக்குள் சொந்த வீடு உள்ள யாராவது உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவார்களா?

2

அப்படி அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். எல்விரா, மிர்த்தாவோடு வாழ்ந்த ரூபேனின் அம்மா. ரூபேனை விட்டு மிர்த்தா வந்து எட்டு மாதம் ஆகிறது. (இல்லை, அவன்தான் விட்டுப்போனான் என்று இன்னொரு நாள் சொன்னாள். எது சரியென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.) ஒண்டியிருந்த தங்கை வீட்டைச் சனிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் எல்விராவின் வீடு இருக்கும் பொயெடோவுக்கு பஸ் ஏறினாள்.

எல்விரா மாத்தே தேநீர் ஊற்றி நீட்டினாள். மிர்த்தா கொடுத்த புது அறையின் வாடகை ஒப்பந்தத் தாளைக் கண்ணருகே பிடித்து, கடைசி வரிவரை படித்தாள்.

[இந்த இடத்தில் எல்விராவைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.]

“எதுக்குடி அவ்வளவு தூரத்துல ரூம்? பின்னால ரூபேன் இருந்த ரூம் சும்மாத்தான கெடக்கு.”

“அவர் வந்துட்டா?”

“வந்தா வரட்டும். வீடு என்னுது.”

“அப்ப கையெழுத்து போட மாட்டீங்களா, தொன்யா எல்விரா?”

“போட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?”

போட்டாள். தாளோடு பின்னறைச் சாவியையும் மேசையில் வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாள்.

3

மிர்த்தா இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் புது அறையில் தனியாக முட்டை பொரிக்கிறாள். இன்னொன்றில் எல்விராவும் அவளும் சமையலறையில் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். இருவருக்கும் அது பிடித்திருக்கிறது. இரண்டையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“அவங்க என்னைக் கூப்பிட்டாங்களா? இல்ல, நான் அங்க இருந்தா மகன் திரும்பி வருவான்னு கூப்பிட்டாங்களா? எழுதுறவ நீதான, சொல்லு.”

தெரியவில்லை என்றேன். எல்விராவுக்கே தெரிந்திருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

இன்று வெள்ளிக்கிழமை; நாளைக்குள் அவள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஐந்து மணிக்கு வேலை முடியும். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள். பக்கத்து இயந்திரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.