சமாதான விருந்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல, கேட்டு வாங்கப்பட்டது. பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். சுற்றுலாச் சிறப்பிதழாம்.

"உங்க வீட்டுக்காரர் சொகுசுக் கப்பல்லதானே இருக்காரு? அப்புறம் என்ன, ஜாலியா ஒரு கதை குடுங்க. டான்ஸு, பஃபே, நீச்சல் குளம்னு அள்ளி விடுங்க. போன தடவை மாதிரி ஆஸ்பத்திரிக் கதை மட்டும் வேணாம்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் "சரி சார்" என்றும் சொன்னேன். என் கணவர் சொகுசுக் கப்பலில் இருப்பது உண்மை. ஆனால் சொகுசு இருக்கும் மாடிகளில் இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இயந்திரங்கள் இரைகிற இடத்தில் அவர் ஃபிட்டர். பயணி ஒருவர் அவரைப் பார்க்க நேர்ந்தால் எங்கேயோ எதுவோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தொடக்கம்:

'அரண்மனை போன்ற அந்தக் கப்பல் நீலக் கடலில் அன்னம் போல' —

(இதை இப்படியே விட்டுவிடுகிறேன். முடித்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.)

இரண்டாவது தொடக்கம்:

'துறைமுகத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மறுநாள் காலை வரப்போகும் கப்பலுக்காக அவள் காத்திருந்தாள். மறுநாள் அவர்களுடைய திருமண நாள்.'

இது தேவலை. லாட்ஜ் உண்மை. ஜன்னலும் உண்மை. அதன் கொக்கி உடைந்திருக்கிறது. காற்றடித்தால் படார் படார் என்று மோதுகிறது, செய்தித்தாளை மடித்துச் செருகி வைத்திருக்கிறேன். காத்திருப்பது நான்தான். திருமண நாள் மட்டும் பொய்.

2

கதையில் வரும் மனைவி எதற்காக அவ்வளவு தூரம் வருகிறாள்? திருமண நாளை அடித்துவிட்டு, பிறந்த நாள் என்று போட்டேன். அதையும் அடித்தேன். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்தாள் என்று எழுதியபோது பேனாவே வெட்கப்பட்டது. காரணம் கையில் இருக்கும்போது எதற்குக் கற்பனை?

என் இடது மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பரிசோதித்துவிட்டார்கள். நல்லது இல்லை. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. இது டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், இப்போது உங்களுக்கும்.

(ஆசிரியர் இந்த இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்.)

இதைப் போனில் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன். கப்பலிலிருந்து பேசினால் பாதிப் பேச்சு கடலோடு போய்விடும். கீழே அந்த இரும்பு அறையில், காதில் அடைப்பான் மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாக நிற்கிற மனிதனிடம் இதைச் சொன்னால், அதற்கப்புறம் அவர் யார் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? நேரில்தான் சொல்ல வேண்டும். கப்பல் காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடும். அது போதும். அதற்கப்புறம் அவர் கரைக்கு வர மாதக்கணக்காகும். அதனால் பஸ் மாறி, ரயில் மாறி இங்கே வந்து சேர்ந்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன், கிளம்புவதற்கு முன் போனில்.

"என்ன விஷயம்?"

"நேர்ல."

"பீடிகை பலமா இருக்கே. குண்டு கிண்டு போட்டுடாத தாயே" என்று சிரித்தார்.

3

இனி கதாநாயகன். அவரோடுதான் எனக்குத் தகராறு.

நேற்று அவரிடமிருந்து வந்த செய்தி: 'முன்னாடி விசிறி ஆயில் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கு. நாளைக்கு மறுபடி எடுத்துப் பாக்கணும்.' அவ்வளவுதான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

(ஒரு சின்ன விளக்கம். கப்பலின் மூக்குப் பக்கம், தண்ணீருக்கடியில், குறுக்காக ஒரு பெரிய விசிறி இருக்கும். கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தித் துறைமுக மேடையோடு ஒட்டி நிறுத்த அது வேண்டும். அதற்குள் இருக்கும் எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தால் கவலை இல்லை. பால் கலந்த மாதிரி வெளுத்தால், தண்ணீரைத் தடுக்கும் சீல் ஏதோ தேய்ந்து கடல் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துச் சொல்வது என் கணவரின் வேலை. வெளுப்பு என்று அவர் சொல்லிவிட்டால் கேப்டன் இந்தச் சின்னத் துறைமுகத்துக்கு வரமாட்டார். இங்கே காற்று அதிகம், கப்பலை இழுத்துப் பிடிக்கப் பெரிய படகுகளும் கிடையாது. நேராக வெளிநாட்டிலிருக்கும் பெரிய துறைமுகத்துக்கு விட்டுவிடுவார்.)

(கட்டி, கசிவு என்று நீங்கள் உவமை தேடிக் கிளம்ப வேண்டாம். எனக்கும் தோன்றியது. மட்டமான உவமை.)

ஆக, ஃபிட்டரின் கையில் புட்டி. கரையில் மனைவி. எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு என்ன வேண்டும் என்பதை ஒளிக்கப்போவதில்லை. அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒரே ஒரு நாள். அந்த விசிறி ஒரு நாள் தாங்காதா?

'ஃபிட்டர் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். வெளுப்புதான். சுற்றுமுற்றும் பார்த்தார். ஆள் இல்லை. புட்டியைக் கழிவு எண்ணெய் டப்பாவில் கவிழ்த்துவிட்டு, ஆயில் நல்லாத்தான் இருக்கு என்று மேலே போய்' —

எழுத்து இங்கேயே நின்றுவிட்டது. இந்த ஆள் என் கணவர் இல்லை. என் கணவர், குக்கர் விசிலின் சத்தம் கொஞ்சம் மாறினாலே அடுப்பை அணைத்து மூடியைக் கழற்றிப் பார்க்கிற ஜாதி. சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லோரும் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, "அந்த ஃபேன் ஆடுது, அடியில நிக்காதீங்க" என்று மாப்பிள்ளையையே நகர்த்தி, படத்தைப் பாழாக்கியவர்.

பாத்திரத்தை நான் நம்பவில்லை. மனிதரை நம்புகிறேன். எனக்குப் பயமே அதுதான்.

4

கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறை அக்கா. அவள் கணவர் அதே கப்பலில் கேக்கும் ரொட்டியும் செய்கிறவர். அதனால் எனக்கு அவள் பேக்கரி அக்கா. இரண்டு பெண் குழந்தைகளோடு நேற்றே வந்து இறங்கியிருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"போச்சு. சிங்கி இறாலை வெளிய எடுத்துட்டாங்களாம்."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

(உங்களுக்குப் புரிந்திருக்காது. அந்தக் கப்பலில் ஒரு வழக்கம். போகவேண்டிய ஊர் ஒன்றைத் தவிர்க்க முடிவு செய்துவிட்டால், பயணிகளின் வாயை அடைக்க அன்று ராத்திரி பெரிய விருந்து வைப்பார்கள். மேசைக்கு மேசை லாப்ஸ்டர் என்கிற முழுச் சிங்கி இறால், பனிக்கட்டியில் செதுக்கிய மீன், சாக்லேட் வழிகிற ஊற்று. வேலைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் சமாதான விருந்து. கல்லாக உறைந்து கிடக்கும் இறால் இளகுவதற்கு ஒரு நாளாவது வேண்டும். அதனால் கேப்டன் ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவிப்பதற்கு முன்பே சமையலறைக்குச் சொல்லிவிடுவார்கள். மேல்மாடியில் பயணிகள் நாளைக்கு எந்தத் தொப்பி போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, கீழே இறால் தட்டுகள் உறைபெட்டியை விட்டு வெளியே வரும். பார்த்த தொழிலாளிகள் எல்லோருக்கும் விளங்கிவிடும். நாளைக்கு ஊர் இல்லை.)

"வேற எதுக்காவது எடுத்திருக்கலாமில்ல அக்கா?"

"வேற எதுக்கும் அதைத் தொடவே மாட்டாங்க. இவரை வேற பெரிய கேக்கா போட்டு, மேல 'மன்னிக்கவும்'னு எழுதச் சொல்லிட்டாங்களாம். பொண்டாட்டி புள்ளைங்கள பாக்க முடியலன்னு இவரு அழணுமா, இல்ல க்ரீம்ல பூ போடணுமா?"

ஆசிரியர் கேட்ட பஃபே வந்துவிட்டது. சிரிக்கத் தோன்றவில்லை.

"கீழ எவனோ மிஷின் சரியில்லன்னு போய்ச் சொல்லிட்டானாம்" என்றாள். "நல்லா இருப்பானா அவன்? ஒரு நாள் வாய மூடிட்டு இருந்தா கொறஞ்சா போயிடுவான்? சின்னவ, விழுந்த பல்லை அப்பாவுக்குக் காட்டணும்னு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்திருக்கா. அவளுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

அந்த 'எவனோ' யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அவளோடு சேர்ந்து திட்டியிருக்கலாம். மனதுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தேன். ஆனால் அவள் திட்டத் திட்ட எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அது எங்க வீட்டுக்காரரா இருக்கும்."

"நீங்க இங்க வந்திருக்கறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரொம்ப நல்ல மனுசன்தான், போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து அறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் சுவரைத் தாண்டிக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

(கதையில் இவளைப் பெருந்தன்மையானவளாக மாற்றலாமா என்று யோசித்தேன். தேநீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து என் கையைப் பிடிப்பாள். வேண்டாம். அவள் கோபம் நியாயமானது.)

5

எனக்கும் கோபம் வந்தது. யதார்த்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று எனக்குப் பிடித்த முடிவை எழுத உட்கார்ந்தேன்.

முடிவு (அ): ஃபிட்டர் எதுவும் சொல்லவில்லை. இறால்கள் உறைபெட்டியிலேயே தூங்குகின்றன. விடிகிறது. கப்பல் துறைமுகத்துக்குள் வருகிறது. மேடையில் அவள் நிற்கிறாள். அவர் இறங்கி வருவார், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள், அவர் —

அவர் இறங்கி வர வேண்டுமானால் முதலில் கப்பல் நிற்க வேண்டும். நிறுத்த அந்த விசிறி வேண்டும். அவரை வாயடைக்க வைத்தவள் நான், எனவே கப்பலை நிறுத்தும் பொறுப்பும் என் தலையில். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் செருகிய காகிதம் பிய்த்துக்கொண்டு போனது. அப்படி ஒரு காற்று. பாதி வழியில் விசிறி நிற்கிறது. அடுக்குமாடி வீடு உயரத்துக்குக் கப்பலின் பக்கவாட்டுச் சுவர் மெல்லச் சாய்ந்து மேடையை நோக்கி வருகிறது. மேடையில் பேக்கரி அக்கா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவள். சின்னவள் எல்லோருக்கும் முன்னால், விளிம்பில், டப்பாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டு —

நான் எழுதியதைப் பார்த்து நானே பயந்தேன். கதைதானே, காற்றை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். நானும் நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் அந்தப் பெண் விளிம்பைவிட்டு நகரவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

6

பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது.

"கோவமா இருக்கியா?" என்றார், எடுத்தவுடனே.

"இறால் விஷயம் தெரிஞ்சுபோச்சுங்க."

"அதுக்குள்ளயா?" என்றார் இரைச்சலுக்கு நடுவே. "நான்தான் சொன்னேன். காலைல எடுத்தேன், வெளுப்பு. மறுபடி எடுத்தேன், வெளுப்பு. இன்னொரு தடவை எடுக்கலாம்னு குனிஞ்சேன். அப்பதான் தெரிஞ்சுது, நான் ஆயிலப் பாக்கல, உன்னைப் பாக்கறேன்னு. எழுந்து போய்ச் சொல்லிட்டேன்."

"சரியாத்தான் செஞ்சீங்க."

"நீ திட்டுவேன்னு நெனச்சேன்."

"எனக்கும் சேர்த்துப் பக்கத்து ரூம் அக்கா திட்டிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. "உன் குரல் சரியில்ல. ஏதோ சொல்லணும்னுதானே அவ்ளோ தூரம் வந்தே? நேர்லன்னா இனிமே எப்பன்னு எனக்கே தெரியல. இப்ப சொல்லு."

முடிவு (ஆ) இந்த இடத்தில் தயாராக வந்து நின்றது. 'ஒண்ணுமில்லீங்க, சும்மா உங்களப் பாக்கணும்னுதான்' என்றாள் அவள். கப்பல் வேறு திசையில் போனது. அவள் தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். என்ன ஒரு தியாகம்! வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பத்துப் பேர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்த வாக்கியம் என் நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கழிவு டப்பாவில் புட்டியைக் கவிழ்க்கிற ஆள் இந்தக் கதையில் அவர் இல்லை, நான் என்று ஆகிவிடும்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று போனை மேசைமேல் வைத்தேன். அந்த நிமிஷத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்வரை சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து நான் எழுதிக்கொண்டே இருந்தது அதற்காகத்தான். ஆசிரியருக்காகவும் இல்லை, உங்களுக்காகவும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

"ஏய், பயமா இருக்குடி. என்னன்னு சொல்லு" என்கிறது மேசைமேல் இருக்கும் குரல்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவள் சொன்னாளா, அவர் என்ன சொன்னார், அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் இனி உங்கள் பாடு. எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் பிழைக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போனை எடுக்கிறேன்.