ஒயர் அக்கா வீட்டு மின்விசிறி

மருத்துவமனையில் அவளுக்கு ஒயர் அக்கா என்று பெயர். நோயாளியின் தலையை நாடாவால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி, ஒயர் ஒயராக ஒட்டி, மூளை அலையைப் பதிவு செய்வது அவள் வேலை. சில மாதங்களாக அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஊக்க மாத்திரைக்கு அடிமையானவர்கள் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். பல்லை நறநறவென்று கடிப்பார்கள். கன்னத்தைச் சொறிந்து புண்ணாக்கி, அந்தப் பொருக்கைப் பிய்த்து நாற்காலிக் கைப்பிடியில் வரிசையாக அடுக்கி வைத்த ஒருவனும் உண்டு. சீ, இதெல்லாம் மனுஷ ஜென்மமா என்று முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியைத் துடைப்பாள்.

"அவங்களைத் திட்டி என்னம்மா ஆகப்போகுது?" என்பார் மருத்துவர். "முன்னந்தலைப் பக்கம் 'போதும், நிறுத்து'ன்னு சொல்லும். உள்ளே இருக்கிற ஆசைப் பக்கம் அதைக் கேட்டு அடங்கணும். மாத்திரையால டோபமைன்கிற மூளைச் சுரப்பு அளவுக்கு மீறி ஊறிப்போச்சுன்னா ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கெட்டுப்போகுது. கையில இருக்கிற வேலை தேனா இனிக்கும். மத்ததெல்லாம் எங்கேயோ தூரத்துல நடக்கிற மாதிரி இருக்கும்."

"தூரத்துலயே இருந்து தொலையட்டும் சார்," என்பாள் அவள்.

ஊரார் தலையெல்லாம் அளந்தவளுக்கு வீட்டிலிருந்த தலை தெரியவில்லை. அவள் புருஷன் பார்சல் கிடங்கில் பெட்டி பிரித்து அடுக்குபவன். சோர்வு தெரியாமலிருக்க சூப்பர்வைசர் சத்து மாத்திரை கொடுக்கிறார் என்று அவனே ஒருமுறை சொன்னான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள். அந்த மாத்திரை வந்த பிறகுதானே வீடு பளபளத்தது! குழாயைக் கழற்றித் துலக்கினான். டப்பாக்களை உயரம் பார்த்து அடுக்கினான். "சுத்தம் சோறு போடும். உன் வீட்டுக்காரரை ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்பேன்," என்று அண்ணி பெருமூச்சு விட்டபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தூக்கத்தில் அவன் பல்லைக் கடித்ததற்கு, வயிற்றில் பூச்சி என்று பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தாள். மூளை ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவள் செய்த காரியம் இது.

அன்று அவனுக்கு விடுமுறை. எட்டு மாதக் குழந்தைக்கு முந்தின நாளிலிருந்தே வயிற்றுப்போக்கு.

"உப்புச் சர்க்கரைத் தண்ணியை ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இருங்க. விட்டுட்டா பிள்ளை வறண்டு போயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போ."

மத்தியானம் அவள் திரும்பியபோது, பக்கத்து வீட்டு அம்மாள் மாடிப்படியிலேயே மறித்தாள்.

"உன் பிள்ளை காலையிலேருந்து கத்தித் தீர்த்துடுச்சும்மா. ரெண்டு தடவை கதவைத் தட்டினேன். 'இதோ தூக்கறேன்'னு உள்ளேருந்தே குரல் குடுத்தாரு. இப்போ கொஞ்ச நேரமா சத்தமே காணோம்."

அவள் மீதிப் படிகளை ஓடி ஏறினாள். கதவைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் வந்தது. கூடத்து நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். மேசை மின்விசிறியைக் கழற்றிப் போட்டு, அதன் வலைக்கூண்டை மடியில் வைத்து, ஒவ்வொரு கம்பியாகப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். தாடை அரைத்துக்கொண்டே இருந்தது. கடைவாயில் வெள்ளையாக எச்சில் காய்ந்திருந்தது. தொட்டிலில் குழந்தை தன் கழிவிலேயே ஊறிக் கிடந்தது, முகத்தில் ஈ. உதடு வெடித்து, கண் குழி விழுந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அழ வாயைத் திறந்தது. கண்ணீர் வரவில்லை. டம்ளரில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் அவள் வைத்துவிட்டுப் போன அளவிலேயே இருந்தது.

"பிள்ளை கத்தினது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"பின்ன ஏன் தூக்கலை?"

"காத்து வரலைன்னுதான் அழறான்னு நினைச்சேன். அதான் ஃபேனைக் கழட்டினேன். அப்புறம் இந்த ஒரு கம்பி முடிஞ்சதும் எழுந்துடலாம்னு..."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்றாலாவது மன்னிக்கலாம். இவன் காதில் ஒரு பழுதும் இல்லை. காலையிலிருந்து ஒவ்வொரு அலறலையும் கேட்டிருக்கிறான். அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருத்தது. அண்ணியிடம் இவனைப் பீற்றிக்கொண்ட தன் வாயை நினைத்தால் அதைவிட அருவருப்பு.

குழந்தையைக் கழுவக்கூட நிற்காமல், அப்படியே புடவையோடு சேர்த்து அள்ளிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி கூப்பிடு."

"இதோ கூப்பிடறேன்."

வாசலில் நின்றாள். அவ்வளவு வெறுப்பிலும், எழுந்துவிடுவான் என்று ஒரு நப்பாசை. அவன் போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

"பிள்ளைக்குக் கண்ணு செருகுது. நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குதுன்னுதானே சொல்றேன்," என்று எரிந்து விழுந்தான் அவன், அடுத்த கம்பியைத் தேய்த்துக்கொண்டே.