தலைவரின் அனுமதி

கூட வேலை பார்க்கும் நர்ஸ் இன்றைக்கும் வரவில்லை. தான்தா நகர ஆஸ்பத்திரியின் அந்த வார்டு முழுவதும் இன்ஷிராஹ் தலையில் விழுந்தது. ரொட்டியை நின்றபடியே பாதி கடித்திருந்தாள், கோடி அறைக் கதவு திறந்தது.

வாசலில் ஷல்கானி ஹாஜி, ஒரு கிராமத்தின் தலைவர். கட்டுப் போட்ட கால், தலையில் தலைப்பாகை. அந்தக் கால் புண்ணில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி. எதிர் அறையிலோ வயிற்று ஆபரேஷன் முடிந்து ஆறு பேர் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு இது ஒட்டினால் பிழைப்பது கஷ்டம்.

"எங்க கிளம்பிட்டீங்க ஹாஜி?"

"ஊருக்கு. என்னைப் பதவியிலேர்ந்து இறக்கிட்டாங்கன்னு பேச்சு."

"யாரு இறக்கினா?"

"நீதான். கதவுல ஒட்டியிருக்கியே."

அவள் அட்டையைப் பார்த்தாள். சிவப்பில் 'அஸ்ல்' என்று ஒரே அரபிச் சொல். நோயாளியைத் தனியே வைப்பதற்கும் அதுதான் சொல், பதவியைப் பறிப்பதற்கும் அதுதான் சொல். பார்க்க வந்தவன் எவனோ அதைப் படித்துவிட்டுப் போய் ஊரில் ஓதியிருக்கிறான்.

நடைபாதை பெஞ்சிலிருந்து ஹாஜியின் மனைவி தஃபீதா சொன்னாள்: "இவரோட பங்காளி வீட்டுல சர்பத் ஊத்துறாங்களாம் மகளே. அடுத்த தலைவர் அவன்தானாம். ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டு வரட்டுமே."

"முகம் மட்டும் போகும்னா அனுப்பிடுவேன் ஹாஜ்ஜா. கூடவே காலும் போகுதே."

"இருபத்திரண்டு வருஷத் தலைவரை ஒரு அட்டை உக்கார வச்சிடுமா?" ஹாஜி ஒரு காலை வெளியே வைத்தார்.

கிருமியைப் பற்றி இந்த வாரத்தில் நாலு தடவை சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது தடவைக்கு இன்ஷிராஹிடம் மூச்சில்லை. அட்டையை உரித்துத் திருப்பினாள், பேனாவால் எழுதி ஒட்டினாள்.

'தலைவர் ஷல்கானியின் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. கை கழுவி, பாதுகாப்புக் கவுன் போட்டவருக்கே அனுமதி.'

ஹாஜி எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். "தஃபீதா, இதைப் போட்டோ புடிச்சு ஊருக்கு அனுப்பு. அவன் வீட்டுக்கு முதல்ல."

"காலை உள்ள வைங்க, அப்புறம் புடிக்கட்டும்," என்றாள் இன்ஷிராஹ்.

கால் உள்ளே போனது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குள் உறவுக்காரர் மூவரையும் ஒரு டாக்டரையும் அவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். ஊசித் தட்டோடு இன்ஷிராஹ் கதவைத் தள்ளினாள்.

"யாரது?"

"நான்தான் ஹாஜி. ஊசி."

"கவுன் எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். "மறந்துட்டேன். காலையிலேர்ந்து நின்னு எனக்குக் கால் வலி உயிர் போகுது ஹாஜி, இந்த ஒரு தடவை விடுங்க."

"உனக்கு விட்டா டாக்டருக்கும் விடணும். அனுமதி இல்ல."

இன்ஷிராஹ் தட்டோடு திரும்பி நடந்தாள்.