ஆயில் கறந்த இன்ஜின்

அத்தானுக்குத் தொண்டையைக் கனைக்கும் பழக்கம் உண்டு. கனைத்தால் சொற்பொழிவு வருகிறது என்று அர்த்தம். வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் ஓய்வில் அவருக்கு ஏற்பட்ட ஒரே இழப்பு. அந்தக் குறையைக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி வைத்துத் தீர்த்துக்கொண்டார். மீன்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. வாயைத் திறந்து திறந்து மூடும். தள்ளி நின்று பார்த்தால் ஆமோதிப்பது போலவே இருக்கும்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒரே ஒரு கார்தான் அவளுடைய பயிற்சிப் பள்ளி. மற்ற பள்ளிகள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்ட ஆட்கள் கடைசியாக அவளிடம்தான் வருவார்கள். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், திருப்பத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறவர்கள். அவள் கத்தியதே இல்லை. "ஒண்ணும் ஆகாது, நான் பக்கத்துல இருக்கேன்" என்பாள், அவ்வளவுதான். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்கில் அதை மிதித்து மிதித்து, அவளுடைய வலது கால் தனி ஆளாகிவிட்டது. வீட்டில் யாராவது அபத்தமாகப் பேசினால் அது தானாகத் தரையை அழுத்தும். அத்தானின் நாற்காலிக்கு எதிரே அந்த இடத்தில் தரை சற்றுத் தேய்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பழைய கார் ஓய்ந்துபோய்ப் புதிது வாங்க வேண்டி வந்தபோது, ஊரில் பலரும் ஓட்டிப் பார்த்துவிட்ட ஒரு காரை அக்கா சொன்னாள். அத்தான் கனைத்தார். அவர் வேறொரு காரைப் பார்த்து வைத்திருந்தார். அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்கு இன்ஜின் பாடம் நடந்தது. சாப்பாட்டு மேஜையில் டம்ளர் சிலிண்டர் ஆனது, உப்பு டப்பா பிஸ்டன் ஆனது. "சின்ன இன்ஜின்தான். ஆனா பெரிய இன்ஜினோட மூளை" என்றார். மேஜைக்கு அடியில் அக்காவின் கால் அழுத்தியதைப் பார்த்தேன். இருந்தாலும் அவர் சொன்ன காரைத்தான் வாங்கினாள். பள்ளியின் சேமிப்பு மொத்தமும் அதில் இறங்கியது.

அந்த மூளைக்குக் குடிப்பழக்கம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் கற்றுக்கொள்ள வந்த நர்ஸ் ஒருத்தி பயந்து பயந்து வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினில் ஆயில் இல்லை. ஒழுகிய அடையாளமும் இல்லை. நிறுத்துமிடத்தில் தரை துடைத்து வைத்தாற்போல இருந்தது. பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரித்து, பின்னால் நீலப் புகையாக விட்டுக்கொண்டிருந்தது வண்டி.

"புது இன்ஜின்னா அப்படித்தான்மா. பழகற வரைக்கும் கொஞ்சம் எடுத்துக்கும்" என்றார் அத்தான்.

"பழகி முடிச்சு இப்ப அடிமையாயிடுச்சுங்க" என்றாள் அக்கா.

வாரண்டி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் புகாரை ஒப்புக்கொண்டு கம்பெனி இன்ஜினை மாற்றித் தர வேண்டும். தராவிட்டால் அக்கா சொந்தக் காசில் புது இன்ஜின் போட வேண்டும். அவளால் முடியாது. பள்ளியை மூட வேண்டியதுதான்.

சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறையில் இதே காரை வைத்திருக்கிற பல பேர் இதே புகாரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு பேக்கரிக்காரர், இன்னும் சிலர். அடிக்கடி வந்து வந்து சொந்தக்காரர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள்.

"பங்க்குக்குப் போனா நான் என்ன சொல்றேன் தெரியுமா?" என்றார் பேக்கரிக்காரர். "ஆயிலை ஃபுல் பண்ணுங்க, அப்படியே பெட்ரோலும் இருக்கான்னு பாருங்கன்னு சொல்றேன்."

சர்வீஸ் மேனேஜரின் மேஜையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளி இன்ஜின் இருந்தது. அது ஆயில் குடிக்காது. அவர் கழுத்து டை இடம் மாறி யாரும் பார்த்ததில்லை. "மேடம், 'குடிக்குது'ன்னு சொல்லாதீங்க. 'எடுத்துக்குது'. எல்லா இன்ஜினும் கொஞ்சம் எடுத்துக்கத்தான் செய்யும். உங்களுது வரம்புக்குள்ளதான் இருக்கு" என்றார். அந்த அறையில் எல்லோரும் அவருக்கு 'வரம்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். பட்டம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அக்கா விடவில்லை. கடைசியில் வரம்பு ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். சரியான அளவுக்கு ஆயில் ஊற்றி, ஊற்றும் மூடிக்கும் கீழே வடிக்கும் திருகுக்கும் ஈயத்தில் சீல் வைப்பார்கள். சொன்ன தூரம் ஓட்டிவிட்டு வந்தால், அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு குடித்திருக்கிறது. இதில் வாதாட ஒன்றுமில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனைக்குப் போன எல்லோருடைய காரும் வரம்புக்குள்ளேயே வந்திருந்தது. தெருவில் மொடாக்குடி குடிக்கிற இன்ஜின்கள் சோதனை என்றதும் சம்பந்தி வீட்டில் சாப்பிடுகிற மாதிரி அடக்கமாகிவிட்டன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. புரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

சோதனை நடந்த வாரங்களில் வீட்டில் ஒரு மாற்றம். அத்தான் விடியற்காலையில் எழுந்து காரைத் துடைக்க ஆரம்பித்தார். இன்னொரு மாற்றம், மீன்தொட்டியில் குமிழி வருவது நின்றுபோனது. காற்று போகிற மெல்லிய டியூபைக் காணோம்.

"டியூப் எங்கங்க?"

"கழட்டி வெச்சிருக்கேன். மீனுக்கு ரொம்பக் காத்து ஆகாது."

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இந்தத் தடவை ஆமோதிப்பது போல இல்லை.

முடிவு நாள் வந்தது. அத்தானும் எங்களோடு வந்திருந்தார். முந்தைய மாலையே வண்டியைச் சென்டரில் விட்டிருந்தோம். மெக்கானிக் கம்பியை உருவினார். துடைத்து மறுபடி விட்டு உருவினார். மறுபடியும் துடைத்தார்.

"பார்த்தீங்களா மேடம்? ஒரு சொட்டு குறையல" என்றார் வரம்பு.

"குறையல இல்ல சார்" என்றார் மெக்கானிக். "கூடியிருக்கு."

வரம்பு ஒரு நொடி யோசித்தார். "சூட்டுல விரியும்."

"ராத்திரி பூரா இங்கதானே சார் நின்னுது? ஆறி அவலாயிருக்குமே" என்றாள் அக்கா. "அப்ப என்ன, உங்க இன்ஜின் ஆயில் கறக்குதா?"

"அப்படின்னா எனக்கு அதுல ரெண்டு குடுங்க சார்" என்றார் பேக்கரிக்காரர். "பேக்கரியை மூடிட்டு ஆயில் கடை போட்டுடறேன்."

அறையே சிரித்தது. வரம்பு சிரிக்கவில்லை. அவருக்கு இன்ஜின் கறந்தாலும் சரி, முட்டை போட்டாலும் சரி, குறையவில்லை என்றால் புகார் முடிந்தது. பேனாவைத் திறந்தார்.

அக்கா குனிந்து இன்ஜினைப் பார்த்தாள். ஊற்றும் மூடியில் சீல் அப்படியே இருந்தது. ஆனால் அளவுக் கம்பி போகிற குழாயின் வாயைச் சுற்றி ஆயில் வழிந்து பிசுபிசுத்திருந்தது. ஒற்றை விரலால் தொட்டாள். நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள். அவர் மின்விசிறியின் தரத்தை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் ஒன்பது சொல்லியிருப்பேன், அதில் ஆறு மரியாதைக் குறைவாக இருந்திருக்கும். மூடப்போவது அவள் பள்ளி.

"என்னங்க, நீங்க வேணா வீட்டுக்குப் போங்களேன்" என்றாள். "மீனுக்கு மூச்சு முட்டுது."

மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தானுக்கு விளங்கியது. எழுந்து கண்ணாடிக் கதவுவரை போனார். கைப்பிடியில் கை வைத்தார். அக்காவின் வலது கால் தரைக்கு மேலே லேசாக எழும்பி நின்றிருந்தது. அழுத்தவில்லை. வண்டி தானாக நிற்கிறதா பார்ப்போம் என்று பயிற்சியில் கடைசி நொடிவரை விடுவாளே, அந்த மாதிரி.

அத்தான் திரும்பினார். தொண்டையைக் கனைக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நான்தான் ஊத்தினேன்" என்றார்.

"என்ன சார்?"

"ஆயில். கம்பி போற குழாய் வழியா. மீன்தொட்டி டியூபை விட்டு, தினம் காலைல. குறையறதைப் பார்க்க முடியல." கொஞ்சம் நிறுத்தினார். "நான் பார்த்து எடுத்த வண்டி."

அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய சொற்பொழிவு அது. கூட்டம் முழுக்கக் கேட்ட ஒரே சொற்பொழிவும் அதுதான். இத்தனை வருஷமாக அவரைக் கிண்டல் செய்தே பிழைத்தவன் நான். அன்றைக்கு என்னிடம் ஒரு கிண்டலும் கைவசம் இல்லை.

வரம்புவின் முகம் மலர்ந்தது. "அப்ப டெஸ்ட்டே செல்லாது. நடுவுல ஆயில் ஊத்திட்டீங்க. மறுபடி டெஸ்ட் வைக்கணும்னா புதுப் புகார் குடுக்கணும். மாசக் கடைசிக்குள்ள முடியாது. அப்புறம் வாரண்டி இல்ல."

பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை.

"நானும் ஊத்தினேன்" என்றார்.

"நீங்களா டாக்டர்?"

"சிரிஞ்ச்சுல. அதே குழாய் வழியா." அவர் குரல் இறங்கியது. "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் வாசல்ல நின்னு பல்லைத் தேய்ச்சுட்டுத்தான் உள்ள வராங்க. அவங்களை நான் திட்டுவேன்."

பேக்கரிக்காரர் காதைச் சொறிந்தார். "கேக்குக்குக் கிரீம் வைக்கற கூம்பு ஒண்ணு இருக்குங்க... நுனி நல்லா மெல்லிசா இருக்கும்."

"உமக்கு என்னய்யா வந்துது?" என்றார் வரம்பு.

"சிவப்பு விளக்கு எரிஞ்சா மனசு கேக்கல சார். குழந்தை பசிக்குதுன்னு அழற மாதிரி இருந்துது."

பிறகு சுவர் ஓரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று உயர்ந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஒருவர் எழுந்து நின்றார். இன்ஜின் குடிக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அது குடிப்பது வெளியே தெரிந்துவிடாமல் அத்தனை பேரும் வீட்டில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புகார் கொடுத்த வாய்க்கும் ஆயில் ஊற்றிய கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. வரம்பு மேலிடத்துக்கு அனுப்பி வைத்த அத்தனை நற்சான்றிதழும் மீன்தொட்டி டியூபிலும் கிரீம் கூம்பிலும் தயாரானவை.

அக்கா பேச ஆரம்பித்தாள். முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களிடம் பேசுகிற குரல்.

"சார், ஆயில் ஊத்தினா டெஸ்ட் செல்லாதுன்னு சொன்னீங்க. ரொம்ப சரி. செல்லாத டெஸ்ட்டுன்னா டெஸ்ட் இன்னும் நடக்கலன்னு அர்த்தம். டெஸ்ட் நடக்காம என் புகாரை எப்படி முடிப்பீங்க? அது இன்னும் திறந்துதானே இருக்கு? இவங்க எல்லாருதும்."

"அதெல்லாம்... விதிப்படி..."

"இல்ல, டெஸ்ட் செல்லும்னு சொல்லுங்க. இன்ஜின் ஆயில் கறந்துதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் வாங்கிட்டுப் போயிடறேன்."

"மேலிடத்துக்கு அனுப்ப ஒரு காப்பி எடுத்துக்கலாம்" என்றார் பல் டாக்டர்.

வரம்பு டையை லேசாக இழுத்தார். முதல் தடவையாக அது இடம் மாறியது.

"பழைய புகார்லயே மறுபடி வைங்க சார். இந்தத் தடவை அளவுக் கம்பிக்கும் சேர்த்து சீல் வைங்க."

"கம்பிக்கு சீல் வைக்கற வழக்கம் இல்லையே மேடம்."

"வைங்க. ஒண்ணும் ஆகாது. நான் பக்கத்துல இருக்கேன்."

வைத்தார்.

இரண்டாவது சோதனை நடந்த நாட்களில் அத்தான் காலையில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஆயில் ஊற்றிய கையை வேறெங்கும் வைக்க அவருக்கு நம்பிக்கையில்லை. மீனுக்குப் புது டியூப் வாங்கிப் போட்டார். ஒருநாள் அக்காவிடம் கேட்டார்: "அன்னிக்கு உனக்கே தெரிஞ்சுபோச்சு. நீயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் ஓட்டிட்டு இருந்தீங்க" என்றாள் அக்கா, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

அவர் கூடத்துக்கு வந்து வெகுநேரம் மீன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சொன்ன தூரம் முடிவதற்கு வெகு முன்னாலேயே விளக்கு எரிந்தது. ஓட்டியது அதே நர்ஸ். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, 'ஐயோ' என்று கத்தவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்து, கைகாட்டி, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, "வரம்பு தாண்டிடுச்சுக்கா" என்றாள். அக்காவின் கால் பிரேக்கின் பக்கமே போகவில்லை. இன்ஜின் மாறியதைவிட அவளுக்கு இதில்தான் சந்தோஷம் அதிகம் என்று நினைக்கிறேன்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். எல்லோரும் பார்க்க சீலை உடைத்து ஆயிலை வடித்தார்கள். தட்டின் அடி நனைந்தது, அவ்வளவுதான். அத்தனை பேரும் வரம்புவின் வாயைப் பார்த்தார்கள். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்லியிராத ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அவசரமில்ல சார்" என்றாள் அக்கா. "மெதுவா. முதல்ல ஒரு மூச்சு இழுத்து விடுங்க."

"வரம்பு..."

"ம். அப்படியே விடாம."

"...வரம்பைத் தாண்டிடுச்சு. இன்ஜினை மாத்திக் குடுத்துடறோம்."

"அவ்வளவுதான் சார். நல்லா சொல்றீங்களே" என்றாள். அவளிடம் படித்து உரிமம் வாங்கினவர்கள் முகத்தில் வருமே ஒரு வெளிச்சம், சத்தியமாக அது வரம்புவின் முகத்தில் வந்தது. அடுத்த புகார்க்காரரை அவரே கூப்பிட்டார்.

பேக்கரிக்காரர் கை தட்டினார். பல் டாக்டரும் தட்டினார். நன்றி சொல்ல யாராவது நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னார்.

அத்தான் முன்னால் வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது.