பதினேழாம் எண் ஆஜர்

தம்பியின் மேல் போர்த்தியிருந்த துணியின் கால்பக்கத்தை அக்கா தூக்கிவிட்டாள்.

“முகத்தப் பாத்தா போதும்மா, காலெல்லாம் எதுக்கு?” சிறை மருத்துவமனை எழுத்தர் விரைந்து வந்து துணியை இழுத்து மூடினார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். உள்ளங்கால்கள் இரண்டும் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

“தம்பிதானே?”

“ஆமா.”

“அப்போ இங்க ஒரு கையெழுத்து.”

தாளில் இறந்த நேரம் மாலை நான்கு மணி என்றிருந்தது. அவள் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். ‘ரெண்டு நிமிஷம் முன்னாடி போட்டா குடியா முழுகிடும்?’ என்று ஓட்டுநர்கள் எவ்வளவோ கெஞ்சியும், பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை.

“போலீஸ் எங்க வீட்டுல வந்து குடுத்த சீட்டுல காலை ஆறு பத்துன்னு இருக்கு சார். உங்க டாக்டர் எழுதினது.”

எழுத்தர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரலில் கடுமை இல்லை.

“அன்னிக்குப் பதினொரு மணிக்கு உங்க தம்பி கோர்ட்டுல ஆஜர். கோர்ட்டுப் பட்டியல்ல அவரோட பதினேழாம் எண்ணுக்கு நேரா டிக் இருக்கு. ஏழு வருஷம் குடுத்தாச்சு. காலையிலயே செத்தவருக்கு ஜட்ஜ் எப்படிம்மா தண்டனை குடுப்பாரு?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

“என்னையக் கேட்டா? நானா கோர்ட்டு?”

அன்று அவளும் நீதிமன்றத்தில் இருந்தாள். எதிர்க்கட்சி ஊர்வலத்தில் கொடி பிடித்த நாற்பத்து மூன்று பேரை ஒரே கம்பிக்கூண்டில் அடைத்து நிறுத்தியிருந்தார்கள். பெயர் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. “எல்லாரும் ஆஜர்” என்றார் ஒரு காவலர். பட்டியலில் ஒரு பேனா மேலிருந்து கீழே இறங்கியது. வழக்கறிஞர் எழுந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். நாற்பது நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கூண்டின் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முகம் தெரியவில்லை. அவள் எம்பி நின்று தானும் கையசைத்தாள். வீட்டுக்குப் போய், “பாத்தேம்மா. நல்லா இருக்கான். கை காட்டினான்” என்றாள். இரண்டு மாதங்களுக்குப் பிறகு அம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

“நீங்களே பாத்திருக்கீங்களேம்மா” என்றார் எழுத்தர். “சாவுச் சேதி சொல்ல வந்த போலீஸ்காரங்கள உங்கம்மா சட்டையப் பிடிச்சிருக்காங்க. ‘காலையில என் மக கோர்ட்டுல பாத்தா, அவன் கை காட்டினான்’னு. அதையும் எழுதிக்கிட்டாங்க.”

அவள் தாளை மறுபடி பார்த்தாள்.

“கையெழுத்துப் போடலன்னா?”

“கோர்ட்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கணும். இன்னிக்கே மூணாவது நாள். வாரம் தாண்டினா, கேக்க ஆளில்லாத பொணம்னு நாங்களே முடிச்சிடுவோம்.”

அலைபேசி அதிர்ந்தது. அம்மா.

“அவனக் கூட்டிட்டு வர இன்னும் எவ்வளவு நேரம்டி ஆகும்?” மூன்று நாட்களாக அம்மா ‘உடல்’ என்ற சொல்லை வாயில் எடுக்கவேயில்லை.

“கிளம்பிட்டோம்மா.”

கையெழுத்துப் போட்டாள்.

“நேரத்தையும் உங்க கையால ஒரு தடவ எழுதிடுங்க.”

மாலை நான்கு மணி என்று எழுதினாள். பணிமனையில் எழுதுவதைப் போலவே எண்கள் திருத்தமாக விழுந்தன.

சிறை வாசலில் தம்பியை ஏற்றிய வேன் நின்றது. காவலர் தண்டனைக் கைதிகளின் பதிவேட்டைத் திறந்தார். பெயர், எண், வெளியே போகும் நேரம். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“திரும்பி வர்ற நேரம்?” பழக்கத்தில் கேட்டுவிட்டவர், வேனுக்குள் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கம்மா. ஆனா இந்தப் புஸ்தகத்துல கட்டத்தக் காலியா விட்டா எனக்கு வேல போயிடும். உள்ள ஒரு வார்த்த கேட்டுட்டு வந்திடறேன்.”

பதிவேட்டை அக்குளில் இடுக்கியபடி உள்ளே போனார். வெளிக்கதவு இன்னும் திறக்கப்படவில்லை. ஓட்டுநர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.